நான் கட்டி அனுப்பிய கருவாட்டுப் பார்சல்

வாழைச்சேனை
20.06.2009

அன்பு மகள் கம்சாயினிக்கு,

நான் உடம்பளவில் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று கண்ணகை அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள், வாவியில் மீன் மட்டும் குறைவு. சுனாமியில் அம்மாவைக் கடல் கொண்டுபோனபின் நிவாரணத்தில் கட்டித் தந்த வீட்டுக்கு இப்போதுதான் சிமெந்து பூசி முடித்தேன்.

உன்னோடு அறையில் இருக்கிற சுலோஜனா அம்மன் சடங்குக்கு வந்து எல்லாம் சொன்னாள். மாசியில் நீ எழுதினாய், கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர் தையல் பார்க்கிற சாட்டில் முதுகில் கை வைக்கிறார், ஓவர்டைமுக்கு உன்னை மட்டும் மறிக்கிறார் என்று. நான் என்ன எழுதினேன், வயதுபோன மனுசன், பெரிதுபடுத்தாதே, பகைக்காதே என்று எழுதினேன். அதோடு விட்டேனா, இறால் கருவாடு கட்டி, உன் கையாலேயே அவரிடம் கொடு என்று அனுப்பினேன். இத்தனை வருடமும் கரையில் ஆமிக் காவல் சென்றியில் துவக்கோடு நிற்கிறவர்களுக்கு நல்ல மீனில் இரண்டைக் கொடுத்துவிட்டுக் கரையேறிப் பழகிய புத்தி மகள். மேலே இருக்கிறவனைக் குளிரவைத்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவன் பார்சலோடு உன் கையையும் பிடித்து, உன் அப்பனுக்கே சம்மதம், உனக்கென்ன என்று கேட்டானாம். பிறகு ஏன் எனக்குக் கடிதமே இல்லை என்று சுலோஜனாவைக் கேட்டேன். “அவள் உங்களோட கோவமில்ல மாமா. அப்பாக்கு எழுதி என்ன நடக்கப்போகுது எண்டு விட்டுட்டாள்” என்றாள். அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. உனக்குக் கூசினால் அது கூடாத தொடுகைதான், அவன் பகிடி என்று சொன்னாலும். எந்த நாள், என்ன செய்தான், யார் பார்த்தது என்று கொப்பியில் எழுதி வை. தனியே நிற்காதே. சுலோஜனா சாட்சிக்கு வருவதாகச் சொன்னாள், இரண்டு பேருமாக மனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே கேட்காவிட்டால் அரசாங்கத் தொழில் கந்தோருக்குப் போய் முறையிடுவோம், நானும் வருகிறேன். இதோடு வேறொரு தாள் இருக்கிறது. கருவாடு அனுப்பியது நான், என் சொல்லுக்காகத்தான் என் மகள் அதைக் கொடுத்தாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் காட்டு, அப்பாவுக்கு வெட்கமென்று பார்க்காதே. வேலை போனால் போகட்டும், இந்த வீடு உன் பெயரில்தான் இருக்கிறது.

அம்மன் உனக்குத் துணை நிற்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. முத்திரை ஒட்டிய உறை ஒன்றும் வைத்திருக்கிறேன். எழுத மனம் வராவிட்டால் வெறும் தாளையாவது மடித்து அனுப்பு மகள்.

உன் அப்பா
கனகசிங்கம்