ஆஸ்பத்திரிச் சந்துல நின்ன பால் லாரி

மேய்ச்சல் மேடு
ஜூன் 9

ஏய் தினிச்பெக்கு, நல்லாருக்கியாடா தம்பி? வயிறு எப்பிடி? நரின் டவுன் தண்ணி ஒத்துக்குதா? போலீஸ் தொப்பி போட்டு முடி கொட்டுதுன்னியே, நின்னுச்சா?

இங்க எல்லாரும் சுகம். கருப்புக் குதிரை குட்டி போட்டிருக்கு, நெத்தியில வெள்ளைத் திட்டு. அதப் பத்திச் சொல்லணும்னா அதோட தாயிலருந்து ஆரம்பிக்கணும். நம்ம சித்தப்பாவ ஆத்துல தள்ளிட்டு அது மட்டும் தனியா வீடு வந்து நின்னுச்சே, அந்தச் சனியன்தான். அவரு ஈரத்தொப்பியோட நடந்து வந்து அதுகிட்ட ஒரு வாரம் பேசல. சரி, நான் எதுக்கு எழுத உக்காந்தேன்? ஆங், சோவெத்பெக்கு. இந்த மேட்டுல குதிரைப்பாலப் புளிக்க வச்சுக் கடையுற குமிஸையெல்லாம் சந்தைக்குக் கொண்டுபோற லாரிக்காரன். போன் எடுக்காத இந்த ஊருக்குக் கடுதாசியும் அவன் கையிலதான். சந்தைத் தெருவுல வண்டி நிறுத்துறதப் பாக்குற டூட்டி இனிமே உனக்குன்னு கேட்டதுலருந்து ஒரே ஆட்டம். "இனி நம்ம ஆளு"ங்கறான்.

உன் அண்ணி தன் கையால கடைஞ்ச குமிஸு தனியா ஒரு தோல்பையில வருது. அவன் ஊத்திக் குடுப்பான், குடி.

உன் அண்ணன் ஜுமாதில்


நரின்
ஜூன் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிகிட்ட சொல்லுங்க, அந்த ருசி வேற யாருக்கும் வராது. ஆனா அதுதான் இப்ப எனக்கு வினையா நிக்குது.

சோவெத்பெக் லாரிய எங்க நிறுத்துறான் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போற சந்து வாயில. வேற வழியே கிடையாது அந்த ஆஸ்பத்திரிக்கு. நான் அபராதச் சீட்டு எழுதப் போனா இறங்கி வந்து கிண்ணத்த நீட்டுறான். "உன் அண்ணி கடைஞ்சதுடா"ங்கறான். நம்ம சனத்துல நீட்டின கிண்ணத்த எவன் தள்ளியிருக்கான்? குடிச்சிடுறேன். குடிச்ச வாயோட அவன்மேல எப்பிடிச் சீட்டு எழுதுறது? புத்தகத்த மூடிட்டு வந்துடுறேன்.

சந்துல மைராம்கான்னு ஒரு டீச்சரம்மா. வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. தினமும் புகார். நேத்து கடைக்காரங்க முன்னாடியே கேட்டாங்க: "ஏம்பா, அந்தத் தொப்பிக்குள்ள இருக்கறது தலையா, குமிஸ் பையா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்ண? ராத்திரி தூக்கமே இல்ல.

ஆத்துப் பக்கம் இடம் கிடக்கு, அங்க நிறுத்தச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பான்.

தம்பி தினிச்பெக்


மேய்ச்சல் மேடு
ஜூன் 24

தம்பி,

சொன்னேன். "வெயில்ல தோல்பையத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடந்தா வெடிச்சுப் போகும், வேணும்னா உன் தம்பி வந்து சுமக்கட்டும்"ங்கறான். மிரட்டினா இந்தப் பக்கமே வரமாட்டானாம். வரலன்னா கறந்த பால என்ன பண்றது, நாய்க்கு ஊத்தவா? இந்த மேட்டுல எத்தன அடுப்பு அந்த லாரிய நம்பி எரியுது?

டீச்சரம்மா ஏதோ பேசிட்டுப் போறா. நீ குடிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு. அண்ணன் வேற என்னடா கேட்டேன் உங்கிட்ட?

ஜுமாதில்


நரின்
ஜூலை 3

அண்ணே,

இத நம்ம ஊருக்குக் குதிரையில போற ஒரு மேய்ப்பர்கிட்ட குடுத்து விடுறேன். ஏன்னு கீழ படிங்க.

செவ்வாய்க்கிழமை பிரசவ வலியோட ஒரு பொண்ண ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்தாங்க. சந்து வாயில லாரி. சோவெத்பெக் எங்கயோ போயிட்டான். ஆரன் அடிச்சு அடிச்சு, கடைசியில அந்தப் பொண்ணப் போர்வையில வச்சு லாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல நாங்க நாலு பேரு பக்கவாட்டுல நடந்து தூக்கிட்டுப் போனோம். அது என் சட்டையப் புடிச்சுக்கிட்டு "விட்றாதீங்க"ன்னுச்சு. பிழைச்சுக்கிச்சு. பொறந்தது பொட்டப்புள்ள.

திரும்பி வந்தா அவன் கிண்ணத்தோட நிக்கறான். "ஆத்திரப்படாத, குடி." நான் கையால தள்ளினேன் அண்ணே. தரையில கொட்டிப் போச்சு. அண்ணி கடைஞ்சதுன்னு தெரிஞ்சேதான் தள்ளினேன். சீட்டு எழுதி, லாரிய இழுத்துட்டுப் போய் ஸ்டேஷன் வாசல்ல போட்டாச்சு.

இனி மேட்டுக்கு நான் வரலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்.

தினிச்பெக்


மேய்ச்சல் மேடு
ஜூலை 15

டேய்,

உன் கடுதாசி வர்றதுக்கு முந்தியே சேதி வந்துடுச்சு, ஊருக்கே. "ஜுமாதில் தம்பி அண்ணி கைப்பாலத் தெருவுல கொட்டினான்." நான் உன் பேர வாயில எடுக்கல. ஒரு வாரமா குமிஸு பொங்கிப் பொங்கிப் புளிச்சுக் கெடக்கு, கூடாரத்துக்குள்ள கால் வைக்க முடியல, போதையில ஈ பறக்க மாட்டேங்குது. பக்கத்துக் கூடாரத்துக்காரன் என்னப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிறான்.

உன் அண்ணிக்கு மூணாவது புள்ள எப்பிடிப் போச்சுன்னு உனக்குத் தெரியும். பனியில பாதை அடைச்சுக் கெடந்துச்சு. நான் அதப் பேசறதில்ல. உன் கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். அந்தப் போர்வை வர்ற இடத்த மறுபடி படிக்கச் சொன்னா. அப்புறம் எந்திரிச்சுப் போய்க் கடைய ஆரம்பிச்சா.

சோவெத்பெக்கு இன்னிக்கு வந்துட்டான், வெக்கமே இல்லாம. ஆத்துப் பக்கமே நிறுத்தறானாம், ஆனா அவன் பேச்ச நம்பாத. மறுபடி சந்து வாயில நின்னா முதல்ல சீட்டு எழுதி அவன் கையில குடு. அப்புறம் கிண்ணத்த வாங்கு. இது நான் சொல்லல, அவ சொல்றா. எப்பக் கிளம்பி வர்றன்னு எழுது. நீ வந்தா அவ உன்னத் திட்டத்தான் போறா, திட்டட்டும், ஆனா அன்னிக்கு அவ என்கிட்ட சொன்னது என்னன்னா, நீ அந்தப் பொண்ண... இரு, இரு, கூப்புடுறா, வர்றேண்டி, குட்டி கயித்த அறுத்துக்கிட்டு