பாட்டில் எனக்குக் கேட்காமல் போன ‘ல’

என் பச்சையம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். நம்ப மாட்டாய். ஆனால் இது நானே என் கையால் எழுதுவதுதான். சந்தேகம் வந்தால் மட்டும் நம் பெண் யமுனாவைக் கேட்கிறேன். ‘ர’வா ‘ற’வா என்பதில் அவளுக்கும் எனக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.

அவளைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவள் கிடாரை விடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குத் திரும்பிப் போவாள் என்று நீ கடைசிவரை நினைத்தாய். போகவில்லை. வாரத்தில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லித் தருகிறாள். வெள்ளிக்கிழமை ஆனால் வேன் கிளம்பிவிடும். டிரம்ஸ் அடிக்கிற ரிச்சர்டும் பாஸ் கிடார் வாசிக்கிற பாஷாவும் இன்னும் கூடவே இருக்கிறார்கள். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பற்றி இரண்டு பேரும் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இப்போது அந்த வேனில் நானும் போகிறேன். நீ போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து கிடந்தேன். யமுனா ஒருநாள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய தோளுக்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒரு கனமா? என்ன, அரிசி மூட்டையைத் தொப்பென்று போடலாம். இதைத் தூங்குகிற குழந்தையைப் போல இறக்க வேண்டும். பெங்களூர், கோயம்புத்தூர், பாண்டிச்சேரி, கொச்சி வரைக்கும் போய் வந்துவிட்டேன். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இட்லி தின்றேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.

இவர்களுக்குப் பாட்டுக் கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. பாட்டு எழுதுவது, ரிக்கார்டு பண்ணுவது, மேடை கேட்டு ஊர் ஊராகப் போன் போடுவது எல்லாம் இவர்களேதான். சில ஊரில் ஜனம் நிற்க இடம் இருக்காது. சில ஊரில் எங்களையும் டீக்கடைக்காரரையும் சேர்த்தாலும் ஒரு பந்தி தேறாது. யமுனா இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் பாடுகிறாள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மேடைக்கு வெளியே மேசை போட்டு அவர்கள் பேர் போட்ட டி-ஷர்ட் விற்பது என் வேலை. ஆரம்பத்தில் சைஸ் எழுத்து தெரியாமல் ஆளைப் பார்த்து அளந்து கொடுத்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு வேலையைக் கெடுத்தேன். பாட்டு முடிந்ததும் இவர்கள் மேடையை விட்டு இறங்குவார்கள். ஜனம் கத்தினால் திரும்ப ஏறி இன்னொரு பாட்டுப் பாடுவார்கள். அந்த வழக்கம் எனக்கு யார் சொன்னது? அவர்கள் இறங்கியதும் நான் போய் ஒயரையெல்லாம் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டேன். திரும்பி வந்த ரிச்சர்டு, “தாத்தா, ஷோவையே மூட்ட கட்டிட்டியே” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

படிக்கக் கற்றுக்கொண்டதும் இந்த ஊர்சுற்றலால்தான். கோயம்புத்தூரில் ஒரு மண்டபத்தில் தெரியாமல் பெண்கள் கழிவறைக்குள் போய்விட்டேன். உள்ளே இருந்த அம்மா போட்ட சத்தம் யமுனாவின் மைக்கைத் தாண்டிக் கேட்டது. ஊர் திரும்பியதும் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது வேனில் ஜன்னல் ஓரம் எனக்குத்தான். பேருந்து பலகை, சுவர் விளம்பரம், மைல்கல் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்கொண்டே வருகிறேன். “யோவ் தாத்தா, கொஞ்ச நேரம் எழுத்தில்லாத ரோட்டுல போலாமா?” என்று பாஷா கெஞ்சுகிறான்.

இனிதான் பச்சை, உன்னிடம் சொல்ல வேண்டியது.

நம் ஊர் மைதானத்தில் இவர்கள் பாடிய அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உள்ளூர் என்பதால் பெட்டி தூக்க நானும் போயிருந்தேன். கோவிலுக்குப் போகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். தண்ணீர் கேன் எடுக்க வந்த நான், கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் உன்னைப் பார்த்தேன். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்திருந்தாய். அதில் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துக் கையில் வைத்திருந்தாய்.

“இன்னாய்யா இது, நெஞ்சுக்குள்ள இடி இடிக்குது” என்றாய். அப்போதுதான் யமுனாவின் கிடாரில் கம்பி ஒன்று அறுந்தது. அவள் பாட்டை விடவில்லை. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ தறியில் உட்கார்ந்தவள் அல்லவா?

“இழ அறுந்தா நாம தறிய நிறுத்திட்டுத்தான் முடிச்சு போடுவோம். இவ பாரேன், கம்பி அறுந்தும் நிக்காமப் போறா.”

“மேடையாண்ட வாயேன், அவ பாக்கட்டும்” என்றேன். நீ வரவில்லை. “என்னப் பாத்தா பயந்துப்பா. பாட்டு கெட்டுப் பூடும். நான் வந்தேன்னு நீ சொல்லவே கூடாது, என் மேல சத்தியம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டாய். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து எங்களை விட்டும் போய்விட்டாய்.

நான் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் யமுனா ஒரு புதுப் பாட்டுப் போட்டாள். எல்லா மேடையிலும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். ‘வாசல்ல வண்டி நிக்குது, ஊரு சனமும் வந்தாச்சு’ என்று ஆரம்பிக்கும். முடிவில் ‘அம்மா’ என்று கூப்பிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தையை இழுப்பாள். ‘அம்மா வரா’ என்றுதான் என் காதில் விழுந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பார். உன்னை அவள் அன்றைக்கே மேடையிலிருந்து பார்த்துவிட்டாள், அதைத்தான் பாட்டாகப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். இனி நான் எதற்குச் சொல்ல வேண்டும்? மேடை ஓரத்தில் நின்று நானும் “வரா” என்று கத்துவேன். ஜனத்துக்கு அது பிடித்துப்போய் எனக்கும் ஒரு மைக் வைத்தார்கள். அத்தனை ஊரிலும், பச்சை, சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்.

எழுத்து படிய ஆரம்பித்ததும் ரிச்சர்டு போனில் ஒரு வீடியோ காட்டினான். பாட்டு ஓட ஓட அதன் வரிகள் எழுத்தாக வருகின்றன. விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனேன். கடைசி வரியில் ‘அ’, ‘ம்’, ‘மா’. அப்புறம் ‘வ’, ‘ர’, ‘ல’. திரும்ப ஓடவிட்டுப் படித்தேன். அந்த ‘ல’ போகவில்லை. அவள் ‘ர’வை இழுத்து முடிக்கும்போது ரிச்சர்டு டிரம்ஸோடு இருக்கிற பெரிய வெண்கலத் தட்டில் ஓங்கி ஒன்று போடுவான். அந்தச் சத்தத்துக்குள் இத்தனை நாளும் ‘ல’ முழுகிப் போயிருக்கிறது.

அம்மா வரல.

ஊருக்கெல்லாம் தெரிந்த வார்த்தை எனக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்து நீ ஒரு மேடைக்கும் வந்ததில்லை, ஒருநாளும் அவளிடம் ‘பாட்டு எப்படிப் போச்சு’ என்று கேட்டதில்லை. சோறு கட்டிக் கொடுப்பாய், வந்ததும் தூக்குச்சட்டியை வாங்கி வைப்பாய். அதைத்தான் அவள் மனதில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தப் பாட்டைப் புதிதாக ரிக்கார்டு பண்ணினார்கள். பக்கத்தில் ஓரிக்கையில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்தி வைத்திருந்தார்கள். அப்படியும் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஸ்பீக்கர் உள்ளே வந்துவிடும். அவர் தெருவைத் தாண்டும்வரை எல்லாரும் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். அன்று காலை என் காதில் ஹெட்போன் மாட்டி மைக் முன்னால் நிறுத்தினார்கள். பாட்டு ஓடியது. என் இடம் வந்தது. எனக்கு வாய் வரவில்லை.

“இன்னாப்பா, உன் எடம் வந்துச்சி, கம்முனு நிக்கிற?” என்றாள் யமுனா.

“தாத்தாவுக்குப் பசி. வடை சொன்னா கத்தும்” என்றான் ரிச்சர்டு.

“அது ‘வரல’வாமேம்மா. நான் ‘வரா’ன்னு தப்பாக் கத்திக்கினு இருந்திருக்கிறேன்.”

“தெரியும்பா. மொத நாள்லேருந்தே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நான் வரலன்றேன், நீ வரான்ற. அப்பனும் பொண்ணும் சண்ட போடறாங்கன்னு சனங்க கை தட்டுது. எனக்கும் நீ சொல்றதக் கேக்க நல்லா இருந்துச்சி. அத ஏன் கெடுக்கணும்?”

இதைக் கேட்ட பிறகும் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது, நீயே சொல். “நீ அன்னிக்கே அவளப் பாத்துட்டன்னு நெனச்சேன்மா” என்றேன்.

“யார?”

சொல்லிவிட்டேன். கரும்புச்சாறு வண்டி, பஞ்சு, சத்தியம், எல்லாம். “பஞ்சு வெச்சிக்கினா வந்துச்சி?” என்று கேட்டு யமுனா சிரித்தாள். உடனே, “எந்தப் பாட்டு கேட்டுச்சி?” என்றாள்.

“கம்பி அறுந்துச்சே, அது.”

“அய்ய, அதையா? அன்னிக்கி வாசிச்சதுலயே அதுதான்பா கேவலம். வேற பாட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?”

அப்புறம் நீ சொன்னதைச் சொன்னேன். இழை அறுந்தால் நாம் நிறுத்துவோம், இவள் நிற்காமல் போகிறாள் என்று. “திரும்பச் சொல்லுப்பா” என்றாள். சொன்னேன். இன்னும் ஒரு தடவை கேட்டாள். கிடாரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். அழுதாளா என்று என்னைக் கேட்காதே. டீ வந்தது, ஆறிப்போனது.

“அக்கா, பேசினது எல்லாம் ரிக்கார்டு ஆயிருக்குது. பாட்டுல வெச்சிக்கலாமா?” என்று பாஷா மெல்லக் கேட்டான்.

“அழிச்சிடு பாஷா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ அம்மாவுக்கு எழுதுப்பா. ஆல்பத்தோட சேத்துப் போட்டுடலாம்” என்றாள்.

“ஊரே படிக்குமேம்மா.”

“படிக்கட்டும். அம்மா வரலன்னு ஊரெல்லாம் நான்தான சொன்னேன்?”

அதனால்தான் எழுதுகிறேன். சத்தியத்தை உடைத்துவிட்டேன், கோபமா? அவள் பயந்துவிடுவாள் என்றாயே, பயந்தது அவளா, நீயா? அந்த ஒரு பஞ்சை எடுத்த கை இன்னொன்றையும் எடுத்திருக்கக் கூடாதா?

பாட்டில் அவள் வரியை மாற்றவில்லை. ‘வரல’ என்றுதான் பாடியிருக்கிறாள். அப்போது அவளுக்கு அதுதான் நிஜம், இருக்கட்டும் என்றாள். என் வார்த்தையை மட்டும் மாற்றச் சொன்னாள். அந்த இடத்தில் தட்டைக் கையால் பிடித்துச் சத்தம் வராமல் நிறுத்திக்கொள்கிறேன் என்று ரிச்சர்டும் ஒத்துக்கொண்டான். இனி அந்த ‘ல’ எல்லாருக்கும் கேட்கும். எந்த ஊர் மேடையானாலும், என் தொண்டை இருக்கிறவரைக்கும், அது கேட்டு முடிந்ததும் நான் “வந்தா” என்று சொல்லுவேன்.

கைநாட்டு இல்லை, பார்த்துக்கொள். கையெழுத்து.

நீ ‘யோவ்’ என்று கூப்பிட்ட,
உன் யமுனாவின் அப்பன்,
ஏகாம்பரம்