தட்டினா எரியும்னு நான்தான் சொன்னேன்

ஆசை அப்பாவுக்கு,

உன்ன நான் இப்பிடி கூப்பிட்டதே இல்ல. நீ இருந்திருந்தா, "என்னாடா, என்னா வேணும்?"னு கேட்டிருப்ப. ஒண்ணும் வேணாம்பா. ஒரு விஷயம் சொல்லணும். உனக்கு மட்டும் சொன்னா பத்தாது, ஊருக்கும் கேக்கணும். அன்னிக்கி டீக்கடைகிட்ட நின்னவங்க எல்லாரும் இதப் படிக்கட்டும்னுதான் எழுதுறேன்.

நீ போயி நாலு மாசம் ஆவுது. மழை முடிஞ்சிது. உப்பளத்துல தண்ணி வடிச்சிட்டு, பாத்திய மிதிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா வேலைக்கு போவுது. நான் பாண்டில பார்த்த வேலையையும் விட்டுட்டேன். ஐடிஐ-ய விட்டதுலருந்து இது அஞ்சாவது. திட்டணும்னா திட்டிக்க.

சுனாமி வந்து ரெண்டு மூணு மாசத்துல நீ அந்த பழைய பைக்க வாங்கின. அதுவரைக்கும் அளத்துக்கு சைக்கிள்தான். நாப்பத்தேழு வயசுல வண்டி கத்துக்கினு, தெருவுல போறப்ப யாரையும் பாக்காம நேரா பாத்துக்கினே போவ. அம்மா எதிர்ல வந்தா கூட தெரியாது. "என்னையே தெரிலயாம், தொரைக்கு"ன்னு அம்மா சொல்லும்.

ஐடிஐல ஒரு வருஷம், கோட்டக்குப்பத்துல ஒரு ஷெட்டுல ஆறு மாசம். அவ்ளோதான் என் படிப்பு. உனக்கு அது போதும். அளத்துல எல்லார்கிட்டயும் "எம்பையன் மெக்கானிக்கு"ன்னு சொல்லி வெச்சிருந்த. வேல முடிஞ்சி வந்து, காலுல உப்புக்கறையோட நின்னுக்கினு என்ன கேப்ப. நான் தலைய சீவிக்கினு வெளிய கெளம்புற நேரமா பாத்துதான் கேப்ப.

"ஏம்பா, இந்த எஞ்சின் ஆயில எப்ப மாத்தணும்?"

"கருப்பானா மாத்து."

"மாத்தின மறுநாளே கருப்பாவுதேடா."

"அப்ப தெனம் மாத்து, போ."

அம்மா சிரிச்சிது. நீயும் சிரிச்ச. நான் போயிட்டேன்.

கருப்பாவுறது ஆயில் கெட்டுப்போனதுக்கு அடையாளம் இல்லப்பா. உள்ள இருக்குற அழுக்க அது தூக்கிக்கினு வருது, அவ்ளோதான். எத்தினி கிலோமீட்டர் ஓடிச்சின்னு பாத்து மாத்தணும். நடுவுல குச்சிய எடுத்து அளவு பாக்கணும். இத சொல்ல ஒரு நிமிஷம் ஆவுமா? அந்த ஒரு நிமிஷத்துல நான் எந்த ஊர புடிக்கப் போனேன்?

இன்னொரு நாளு, வண்டி கத்துது ஆனா போவ மாட்டுதுன்னு சொன்ன. எறா கருகுனாப்ல வாசன வருதுன்ன. கிளட்ச்ச புடிச்சிக்கினே ஓட்டுறியான்னு கேட்டேன். "வரப்பு வழுக்குதேடா, புடிக்காம எப்பிடி ஓட்டுறது?"ன்ன. "அப்ப பிளேட்டு தேஞ்சி போயிரும். போன பின்னாடி சொல்லு, பாக்கலாம்"னேன். உப்பு ஈரம் இருக்குற வரப்புல ஒத்தையா வண்டி ஓட்டுறது எனக்கே வராது. உனக்கு யாரு சொல்லித் தருவா? ஒரு நாளு கூட நான் அந்த வரப்புக்கு வந்து பாத்ததில்ல.

அப்புறம் ஒரு நாளு, வண்டிலருந்து வடிச்ச வேஸ்ட் ஆயில ஒரு டப்பால வெச்சிக்கினு நின்ன.

"இத வண்டிக்கு பூசலாமா?"

நம்ம ஊர்ல இது புதுசு இல்ல. அளத்துல இரும்பு நிக்காது. மம்பட்டி, கேட்டு கீலு, சைக்கிள் ரிம்மு, எதுவா இருந்தாலும் வேஸ்ட் ஆயில தடவுனாதான் உப்புக்காத்துல கொஞ்ச நாளு தாங்கும். உங்க ஆளுங்க எல்லாருக்கும் இரும்ப பாத்தாலே கை எண்ணெத் துணிய தேடும்.

"பூசு"ன்னேன்.

"எங்கெல்லாம்?"

"எங்க வேணா பூசு."

அப்ப நான் கிரிக்கெட் பாத்துக்கினு இருந்தேன். யாரு ஆடுனாங்கன்னு கூட இப்ப ஞாபகம் இல்ல.

அதுக்கு ஒரு மாசம் கழிச்சிதான் லைட்டு விட்டு விட்டு எரியுதுன்னு சொன்ன. நான் வண்டிய பாக்கல. எழுந்து கூட வரல. "தட்டு, எரியும்"னேன். நீ வெளிய போயி தட்டுன. எரிஞ்சிது. உள்ள எட்டிப் பாத்து, "அட, ஆமாண்டா"ன்னு சொன்ன. அந்த மூஞ்சி இருக்கு பாரு, அதான் என்ன தூங்க விடல.

நீ போன அன்னிக்கி, விடியறதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கு நீ கெளம்பின. மெயின்ரோட்டுலருந்து அளத்து மண்ரோட்டுக்கு வலது பக்கம் திரும்புற எடத்துல, எதிர்ல வந்த உப்பு லோடு லாரி அடிச்சிருச்சி. நான் போயி சேர்றப்ப உன்மேல யாரோ வேட்டிய போத்தியிருந்தாங்க. அந்த டிரைவர டீக்கடைகிட்ட நாலு பேரு புடிச்சி வெச்சிருந்தாங்க. பேரு நடேசன், பெருமுக்கல்காரரு. உன் வயசு இருக்கும்.

"லைட்டு இல்லாம வந்தாருங்க, கண்ணுக்கே தெரிலங்க"ன்னு அதையே சொல்லிக்கினு இருந்தாரு.

நான் அறஞ்சேன். ஒண்ணு இல்ல. அப்புறம் மத்தவங்களும் அடிச்சாங்க. போலீஸ் வந்தப்ப நான்தான் முன்னாடி போயி நின்னேன். "வண்டி பக்கா கண்டிஷன் சார். லைட்டு சூப்பரா எரியும். நானே மெக்கானிக்கு, நான்தான் பாத்து வெச்சேன்"னு சொன்னேன். எழுதிக்கினாங்க. கையெழுத்து போட்டேன். உனக்காக ஏதோ செஞ்சிட்டாப்ல இருந்துச்சி.

போன மாசம் போலீஸ்ல வண்டிய திருப்பி குடுத்தாங்க. முன்னாடி போர்க்கு வளஞ்சி, ஹெட்லைட்டு கண்ணாடி ஒடஞ்சி இருந்துச்சி. வித்துரலாம்னு அம்மா சொல்லுச்சி. விக்கிறதுக்கு முன்னாடி துடைக்கலாம்னு இந்த வாரந்தான் வெளிய தள்ளினேன். லைட்டு சுவிட்ச்சு ஆன்லயே இருந்துச்சி. நீ போட்டது போட்டபடி. கிக்கர மிதிச்சேன், ஸ்டார்ட் ஆயிருச்சி. லைட்டு எரியல.

பல்பு போயிருக்கும்னு கழட்டினேன். பல்பு ஒடையவே இல்ல. உள்ள கம்பி முழுசா இருந்துச்சி. பேட்டரில நேரா வெச்சி பாத்தேன், பளிச்சினு எரியுது. அப்புறம்தான் அது உக்கார்ற ஹோல்டருக்குள்ள வெரல விட்டேன். வெரலு கருப்பா வந்துச்சி. வேஸ்ட் ஆயிலு. அதுல மாசக்கணக்கா உப்புத்தூசி ஒட்டி, களிமண்ணு மாதிரி கெட்டியாயி, கரண்ட்டு போற எடத்தையே மூடியிருக்குது.

ஹெட்லைட்ட தொறந்து உள்ளயும் பூசியிருக்க நீ. உப்புக்காத்து உள்ள போயிரும்னு நெனச்சிருப்ப. எங்க வேணா பூசுன்னு சொன்னது யாரு?

பல்ப திரும்ப மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, மேல தட்டினேன். எரிஞ்சிது. ரெண்டு செகண்டு. அணஞ்சிருச்சி. மறுபடியும் தட்டினேன். அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கினே இருந்துச்சி.

மறுநாளு பஸ் ஏறி பெருமுக்கல் போனேன். நடேசன் வீட்ட விசாரிச்சா, ரைஸ் மில்லுல இருப்பாருன்னாங்க. லைசென்ஸ வாங்கி வெச்சிட்டாங்க, வண்டி ஓட்ட முடியாது, மூட்ட தூக்குறாரு. என்ன பாத்ததும் மூட்டைய எறக்கி வெச்சாரு.

"நீதான அடிச்ச?"

"ஆமாங்க."

"இப்ப என்னா, மிச்சத்த அடிக்க வந்தியா?"

"இல்லீங்க. லைட்டு எரியலதான். நீங்க சொன்னது நெசம்."

அவரு தோள்ல இருந்த துண்ட ஒதறி தரைல போட்டு, "உக்காரு"ன்னாரு. நான் நின்னேன்.

"இன்னொண்ணு இருக்குதுப்பா. நான் யார்கிட்டயும் சொல்லல, சொன்னா நம்ப மாட்டாங்க. என் லைட்டு வெளிச்சத்துல கடசியா அவர பாத்தேன். ஒரு கைதான் ஹேண்டில்ல இருந்துச்சி. இன்னொரு கையால வண்டி மூஞ்சிய தட்டிக்கினே திரும்புறாரு. என்னாத்துக்கு தட்டுறாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரில. உனக்கு தெரியுமா?"

அப்பதான் கீழ உக்காந்தேன். அவரு கூல்டிரிங்க் வாங்கியாந்து குடுத்தாரு. நான் அடிச்ச ஆளு.

ஊட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், கோர்ட்டுல நெசத்த சொல்லப் போறேன்னும் சொன்னேன். அறை விழும்னு நெனச்சேன். விழல. "பேசி முடிச்சிட்டியா?"ன்னுச்சி.

"முடிச்சிட்டேன்."

"செத்தவரு வந்து பேச மாட்டாரு. அவரு மேல தப்புன்னு கோர்ட்டுல எழுதிருவாங்க. ஊர்ல என்னா சொல்லுவான்? லைட்டு கூட இல்லாத வண்டிய எடுத்துக்கினு போயி செத்தான்பான். அதுக்கா இத்தினி வருஷம் உப்பு வாரினாரு?"

"அந்தாளு மூட்ட தூக்குறாரும்மா."

"தூக்கட்டும்."

ரெண்டு நாளு சோத்த போட்டு தட்ட தள்ளும், அவ்ளோதான். இன்னிக்கி சாயந்தரம் உன் பொட்டிய தொறந்து, ஒன்னோட வெள்ள சட்டைய எடுத்து, சொம்புல நெருப்பு போட்டு தேச்சிது. என் முன்னாடி வெச்சிட்டு, "கோர்ட்டுக்கு போறவன் அந்த ஜீன்ஸோட போவாத. நானும் வரேன், பின்னாடி உக்காந்திருக்கேன்"னுச்சி. சட்ட எனக்கு தோள்ல கொஞ்சம் புடிக்குது.

அப்பா, நாளைக்கி காலைல கோர்ட்டுக்கு சாட்சி சொல்ல கூப்பிட்டிருக்காங்க. நான் கையெழுத்து போட்டது பொய்யின்னு சொல்லப் போறேன். நடேசன் சொன்னதுதான் நெசம், வண்டில லைட்டு எரியலன்னு சொல்லப் போறேன். உன் பேருக்கு அது நல்லா இருக்காது, தெரியும். மன்னிப்பியான்னு கேக்க மாட்டேன். நீ மன்னிச்சிருவ, அதான் பெரிய கஷ்டமே.

ஆனா அதோட நிறுத்த மாட்டேன். எங்கப்பா அஜாக்கிரதையா போனவரு இல்ல, ஒவ்வொண்ணையும் கேட்டாருன்னு சொல்லுவேன். யார்கிட்ட கேட்டாருன்னு அவங்க கேட்டா, என்கிட்டன்னு சொல்லுவேன். கேக்காம விட்டாலும் சொல்லுவேன்.

உன் பையன்,
சேகர்