கரண்ட் போன வீட்டு மீன் குழம்பு

சம்பந்தியம்மா,

இன்று பெருங்களத்தூரில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அது திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முந்தாநாள் வைத்த மீன் குழம்பிலிருந்து ஒரு வாடை. உங்கள் மகள் எட்டிப் பார்த்து, "நல்லா கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்ல அத்தை?" என்றாள். அது உங்களிடம் நான் சொன்ன வார்த்தை.

அந்தப் பெருமழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, எங்கள் மாடி வீட்டுக்கு வந்தீர்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நெத்திலிக் கருவாட்டு டப்பாவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்றே என் காபியில் பால் போதாது என்றவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. "இந்த நாத்தத்த என் அடுப்புல வெக்காதீங்க" என்றேன். மாடிப்படியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துச் சுட்டுத் தின்றீர்கள். "உப்புல ஊறி வெயில்ல காஞ்சது. இதுக்குக் கரண்ட்டு பில்லு கெடையாது சம்பந்தி" என்று சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான், ராத்திரி ஃப்ரிட்ஜிலிருந்து மீன் குழம்பை எடுத்தேன். கரண்ட் போய் இரண்டு நாளாகியிருந்தது. "ஃப்ரிட்ஜு இன்னா சாமியா? கரண்ட்டு போனா அதுவும் ஒரு பீரோதான்" என்றீர்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அடுப்பில் ஏற்றினேன். ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன் நானும் வேளாவேளைக்குக் கொதிக்கவைத்துக் குழம்பைக் காப்பாற்றியவள்தான். வாங்கிய பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அந்த மழையில் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் கிடந்தது குழம்பு.

மீன் கொஞ்சம்தான். எனக்கு எடுத்துக்கொள்ளாமல் உங்களுக்கும் நம் பேத்திக்கும் வைத்தேன். ஒரு வாய் தின்றதும் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு பேத்தியின் தட்டைத் தள்ளி, "இவளுக்குக் காரம்" என்று அவள் பங்கையும் நீங்களே தின்று முடித்தீர்கள். மிச்சம் வைக்கக் கூடாதென்று கௌரவம் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

விடிவதற்குள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டீர்கள். யாரும் கேட்பதற்கு முன்பே, "எல்லாம் அந்தப் பாழாப்போன கருவாடுதான்" என்று நான் முந்திக்கொண்டேன். டப்பாவோடு வெள்ளத்தில் வீசினேன். உங்கள் மகளும் நம்பினாள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகொரு நாள் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் ஊரார் கதைபோலக் கேட்டேன். "கெட்டுப்போச்சுன்னா போச்சும்மா. கொதிக்க வெச்சா கிருமி சாகும், அது விட்ட விஷம் எல்லாமே போயிடாது" என்றார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து, கடைசியில் வேறு நோயில் படுக்கையில் கிடந்தபோது உங்களுக்கு எதுவும் இறங்கவில்லை. இனி ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரு துண்டு நெத்திலி கேட்டீர்கள். "அதத் தின்னுதானேம்மா அன்னிக்கு அந்தப் பாடுபட்டே" என்று உங்கள் மகள் கஞ்சியை நீட்டினாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன்.

இன்று குழம்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை.

ஆனால் எனக்கு உங்கள்மேலும் கோபம் இருக்கிறது, சம்பந்தியம்மா. என் வீட்டு மரியாதையை நீங்கள் ஏன் காப்பாற்றினீர்கள்? 'உன் குழம்புதான்டி' என்று ஒரு தரம் கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு வருஷம் உங்கள் வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் கடைசியில் அந்த ஒரு துண்டு உங்கள் வாய்க்குக் கிடைத்திருக்கும்.