பதினோரு பேர் திரும்பிப் போன வீடு

வேளச்சேரி,
11-3-1973, ஞாயிறு.

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை மாணிக்கவாசகமும் பேரனும் ஆப்பிரிக்காவில் அந்த லுசாகாவில் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, இன்னொரு தடவை பார். தியாகராய நகர் இல்லை, வேளச்சேரி. இதை எழுதிக்கொண்டிருப்பது என் சொந்த வீட்டில், என் சொந்தக் கூரைக்கு அடியில். மகளே, இதை எழுதும்போது எனக்கு அறுபத்து நாலு வயது என்பதே மறந்துபோகிறது. உன் அம்மா இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்து, எதுக்குத் தன்னால சிரிக்கீங்க என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

மாப்பிள்ளை போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். எண்பது வருஷத்து வீடு, பர்மா தேக்கு உத்தரம், ஒரு ஏக்கர் தோட்டம், நல்ல தண்ணீர்க் கிணறு, இத்தனையும் மாம்பலத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை வாங்கும் விலைக்குக் கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது, என்ன என்று தெரியாமல் கை வைக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். கேட்டது நியாயம்தான். ஆனால் கூடவே ஒரு வக்கீலை வைத்துப் பார்க்கச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜவுளிக்கடையில் பேல் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன், கடை முதலாளிக்கு எட்டு கிரயப் பத்திரத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்தவன். காரணத்தை நானே கண்டுபிடித்தேன். வக்கீலை வைத்திருந்தால் அவர் இந்த வீட்டை வேண்டாம் என்றிருப்பார்.

உனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறோம், ஒன்றைக்கூட நாமாக விட்டு வரவில்லை, அவர்களாகத்தான் விடச் சொன்னார்கள். ஏழாவது வீட்டுக்காரரும் பொங்கல் கழிந்த மறுநாளே வந்து, மகனுக்குக் கல்யாணம், மார்ச் முடிவதற்குள் காலி செய்யுங்கள் என்றார். உன் அம்மா உடனே, பங்குனியில் பால் காய்ச்சமாட்டேன், போவதென்றால் மாசிக்குள் போக வேண்டும் என்றாள். ஆக எனக்கு இருந்தது அறுபது நாளுக்கும் குறைவு. அந்த நேரத்தில்தான் சைதாப்பேட்டை புரோக்கர் ரகுபதி இந்த வீட்டைக் காட்டினான். பார்த்த மாத்திரத்திலேயே மனசு போய்விட்டது. முன் ஹாலில் நாலு ஜன்னல், சுவரோடு சுவராக ஒரு புத்தக அலமாரி. என் புத்தகப் பெட்டிகள் ஏழு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் கிடந்தவை அல்லவா, அந்த அலமாரியைப் பார்த்ததும் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. விலையைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஏன்டா இவ்வளவு மலிவு என்று கேட்டேன். அவன், நைனா, மலிவா குட்தா ஏன்னு கேக்கற, ஜாஸ்தியா கேட்டா கொள்ளைன்ற, உனுக்கு இன்னாதான் வோணும், பேய் பிசாசு ஒண்ணும் கெடையாது, அப்டியே இருந்தாலும் உன் குரலைக் கேட்டா அதுவே ஊட்டைக் காலி பண்ணிக்கினு ஓடிடும் என்றான். அவனுக்கு நாக்கு நீளம், ஆனால் பொய் சொல்ல மாட்டான். நான் கேட்காததைச் சொல்லவும் மாட்டான், அதுதான் வம்பு.

சரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். முதலில் ஏரி. மழைக்கு ஏரி ரொம்பினால் இந்த ஊருக்குள் தண்ணீர் வந்துவிடும், அது எல்லாருக்கும் தெரியும். சுவரில் தண்ணீர் ஏறிய கறை இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இல்லை. வீடு தரையிலிருந்து ஆறு படி உயரத்தில் நிற்கிறது. பக்கத்தில் எருமை வைத்திருப்பவரைக் கேட்டதற்கு, தண்ணி வந்தா ஊரே உங்க படிமேலதாங்க வந்து குந்தும், எருமையும் சேத்து என்றார். வந்து உட்காரட்டும், எனக்கென்ன நஷ்டம். அடுத்தது கறையான், பார்த்த இடத்தில் எங்கும் இல்லை. பிறகு பதிவு அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷத்து வில்லங்கம் பார்த்தேன். அடமானம் இல்லை, வழக்கு இல்லை. ஒரே ஒரு உயில் மட்டும் பதிவாகியிருந்தது, அதன் நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். மாப்பிள்ளையிடம் சொல், காரணம் அந்த இரண்டு பக்க உயிலில்தான் இருந்தது.

வீட்டைக் கட்டியவர் மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் தகப்பனார். அந்த வக்கீலுக்கு யுத்த காலத்தில் அம்மை போட்டிருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம் அது. வீட்டு ஜனமெல்லாம் கும்பகோணத்துக்கு ரயிலேறிவிட்டார்கள், அவர் இந்த வீட்டில் தனியாகக் கிடந்தார். தோட்டக்காரரின் மனைவி ஹாஜிரா பீ என்கிற அம்மாள் நாற்பது நாள் இந்த வீட்டு அடுப்பங்கரையிலேயே கஞ்சி காய்ச்சி ஊற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார். அவர் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக உயிலை எழுதினார். இந்த அடுப்பங்கரை ஹாஜிரா பீயின் ஆயுசு உள்ளவரை அவருக்கே சொந்தம், வேறு யாரும் அதில் சமைக்கக் கூடாது, அவர் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை யாரும் விற்கவும் கூடாது. அந்தக் காலத்து மயிலாப்பூர் வீட்டில் மடி அடுப்பங்கரையை ஒரு முஸ்லிம் அம்மாளுக்கு எழுதி வைப்பதென்றால் யோசித்துப் பார்! அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இங்கே வந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லையாம்.

இப்போது உரிமைக்காரர் அந்த வக்கீலின் பேரன் அனந்தராமன், பாங்கில் வேலை, நல்ல மனிதர். உயில் நகலை அவர் முன்னால் வைத்ததும் முகம் சிறுத்துவிட்டது. ஸார், ஒளிச்சு வெச்சுண்டேன்னு நெனைக்காதேள், சொன்னா ஒருத்தரும் வாசல்படி கூட ஏற மாட்டேங்கறா, இதுவரைக்கும் பதினோரு பேர் வந்துட்டுப் போயாச்சு, ஒருத்தருக்கும் அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா, ஒவ்வொருத்தர் திரும்பிப் போறச்சேயும் நான் வெலையைக் கொறைச்சுண்டே வரேன் என்றார். ஏன் போட மாட்டேன் என்கிறார் என்று கேட்டேன், தெரியலை என்றார். உடனே அடுத்ததாக என் வாயிலிருந்து வந்த கேள்வி என்ன தெரியுமா? அந்த அம்மாளுக்கு என்ன வயசு இருக்கும் என்றுதான். இதை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். அனந்தராமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினோரு பேரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள், சிலர் அந்த அம்மாளிடமே நேராகக் கேட்டிருக்கிறார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, வாயால் கேட்டாலும் பார்வையால் கேட்டாலும் அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும், வந்தவன் குடியிருக்க வரவில்லை, தான் சாவதற்குக் காத்திருக்க வந்தவன் என்று. மலிவுக்குக் காரணம் அவ்வளவுதான்.

மறுநாள் நானே நேரில் போனேன். வயசு கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ஆனால் ரகுபதி காட்டாமல் விட்ட பின்கட்டு அடுப்பங்கரை உத்தரத்தை மட்டும் நான் பார்க்கவில்லை, அதில் கறையான் இருந்தால்? அந்த அம்மாள் கிணற்றடியில் இருந்தார். நான் உள்ளே போய்க் குடை நுனியால் உத்தரத்தை நாலு தட்டுத் தட்டினேன். எண்பது வருஷத்துப் புழுதி அப்படியே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானைக்குள் விழுந்தது. அவர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால் வயசைப் பற்றி யாரும் நினைக்கவே மாட்டார்கள். யோவ், யாருய்யா நீ, நான் உயிரோட கீறப்பவே என் சோத்துல மண்ணைப் போட வந்தியா என்று கேட்டுக்கொண்டே குடையைப் பிடுங்கிக்கொண்டார். வீடு வாங்க வந்தவன் என்றேன். அப்போ வாங்கிட்டு வா, கொடை இங்கியே கெடக்கட்டும் என்று கரண்டியை ஓங்கினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உத்தரத்தைப் பார்க்காமல் எவன் வீடு வாங்குவான்? ஆனால் அந்தக் குடை நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, அதை விட்டுவிட்டு வர எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். அடுப்பங்கரை இல்லாத வீட்டுக்கு எவ வருவா, நீங்களே போய் அலமாரியைப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கிடுங்க, நாளைக்கு நான் போய்க் குடையை வாங்கிக்கிட்டு வீடு வேண்டாம்னும் சொல்லிட்டு வாரேன் என்றாள். அப்போது மாசி முடிய மிச்சம் பதின்மூன்று நாள். கிளம்பும்போது ஒரு படி பச்சரிசியை மஞ்சள் பையில் கட்டினாள். எதற்கு என்றால், ஒரு பானைக் கஞ்சியைக் கெடுத்துட்டு வந்திருக்கீங்க, அதுக்கு அரிசி கொடுக்காம எந்த முகத்தோட குடையைக் கேக்க என்றாள். கிண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். குடை கைக்கு வராமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டதால் நான் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். ஐந்து நிமிஷத்தில் வருவாள் என்று நினைத்தேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே சிரிப்புச் சத்தம் வேறு. உன் அம்மா அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன்.

குடையோடுதான் வெளியே வந்தாள். என்ன நடந்தது என்று பிறகுதான் சொன்னாள். அரிசியைக் கொடுத்துவிட்டு, வீடு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அடுப்பைப் பார்த்ததும் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டாளாம். உங்க அடுப்புப் புகை எந்தப் பக்கம் போவும், நான் மொட்டை மாடியில வத்தல் காயப் போடணும்லா என்று. ஹாஜிரா பீ, இம்மாம் வருசத்துல ஒருத்தரும் இதைக் கேக்கலியேம்மா என்றாராம். பிறகு இரண்டு பேரும் மாடி ஏறிப் புகை போகும் திசையைப் பார்த்திருக்கிறார்கள், இறங்கி வந்து ஒவ்வொரு அறையாகப் போய் உன் அம்மாவுக்கு எது அடுப்பங்கரை என்று முடிவும் கட்டியிருக்கிறார்கள். நாலு ஜன்னல் வைத்த முன் ஹால்! என் அலமாரியில் பருப்பு டப்பா! நான் மூன்று நாள் சண்டை போட்டேன், சாப்பிடாமல் கூட இருந்து பார்த்தேன். ஹாஜிரா பீ உன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார், ஹாலைப் பத்தி பத்திரத்துல எழுதினாத்தான் கையெழுத்து, உன் ஊட்டுக்காரருதான் பெரிய எழுத்தாளியாமே, அவரையே எழுதச் சொல்லு என்று. எழுதினேன். மேற்படி வீட்டின் முன் ஹால் என் மனைவி புஷ்பம் அம்மாளின் ஆயுசு வரை அவர் அடுப்பங்கரையாக அனுபவிக்கப்பட வேண்டியது என்று என் கையாலேயே, முத்து முத்தாக. இதைத் தோல்வி என்று மாப்பிள்ளை நினைக்க வேண்டாம். எழுதிக் கொடுக்க ஒரு வீடு இருப்பவன்தானே அப்படி எழுத முடியும்?

போன புதன்கிழமை பத்திரப் பதிவு. அனந்தராமன் வந்தார், ரகுபதி வந்தான், ஹாஜிரா பீ பச்சை சேலை கட்டிக்கொண்டு உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவாளர் ஒவ்வொரு வரியாகப் படித்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, இங்கே வயசு எழுதவில்லையே, அம்மாவுக்கு என்ன வயசு என்று கேட்டார். நான் வேண்டுமென்றேதான் அந்த இடத்தை விட்டிருந்தேன், சட்டப்படி விடக் கூடாது, தெரியும், ஆனால் எப்படிக் கேட்பேன்? அனந்தராமன் தலையைக் குனிந்துகொண்டார். ரகுபதி என் காதில், போச்சு நைனா, பன்னெண்டாவது ஆளு நீ என்றான். ஹாஜிரா பீ பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனார். மாசி முடிய இன்னும் ஆறே நாள். அப்போது உன் அம்மா, வாயே திறக்காதவள், அத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து, எனக்கு அம்பத்தாறு, அவுகளுக்கும் அதையே போடுங்க, ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு, ஒரே வயசா இருந்தாத்தான் சண்டை சமமா வரும் என்றாள். பதிவாளர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஹாஜிரா பீ, அம்பத்தாறா, அப்போ எனுக்கு இன்னும் ரொம்ப நாளு கீது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து கையெழுத்தைப் போட்டார். எண்ணுக்கு முன்னால் சுமார் என்ற ஒரு சொல்லை நான் சேர்த்தேன், பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.

வெள்ளிக்கிழமை காலை ஹாலில் பால் காய்ச்சினோம், பொங்கி வழிந்தது. உன் அம்மாவின் முழங்கால் வலி ஆறு படி ஏறியும் அதிகமாகவில்லை. பேரனுக்கு வெந்நீர் ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், அங்கே எல்லாரும் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று நீயும் கொடுக்காதே. மாப்பிள்ளை வேலை விஷயத்தில் மேலதிகாரியிடம் பணிந்து போகச் சொல், என் மாதிரி இருக்க வேண்டாம். இன்று காலை நான் செய்த முதல் வேலை சுத்தியலைத் தேடியது. முப்பத்தொரு வருஷம் ஒரு காலண்டர் மாட்டுவதற்குக் கூட வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. இன்று மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்பது ஆணி அடித்தேன். மாட்டுவதற்கு என்னிடம் இரண்டே படம்தான் இருக்கிறது, இருந்தாலும் கை நிற்கவில்லை. பின்கட்டிலிருந்து ஹாஜிரா பீ, இன்னாய்யா அங்க சத்தம் என்று குரல் கொடுத்தார், என் சுவர், என் ஆணி என்று நானும் குரல் கொடுத்தேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் பேரனுக்கும் எல்லா நன்மையும் கூடி வரட்டும், நீங்களும் ஒரு நாள் உங்கள் சுவரில் கேட்காமல் ஆணி அடிக்க வேண்டும். போட்டோ பிடித்து, கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தும் அளவில் தபாலில் அனுப்பு. பேரன் தனியாக ஒன்று, மூவரும் சேர்ந்து ஒன்று, மீதியை உன் இஷ்டம் போல. ஏழு ஆணி காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. சண்முகவேல்.