பாட்டு முகாமுக்கு ஒரு அரிவாள்மணை

காலையில் போனுக்கு வந்த பட்டியலைப் படித்ததும் உண்ணாமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி அண்ணாமலையில் அன்று மாலை தொடங்கி ஏழு நாள் பண்ணிசை முகாம். பாட வருகிறவர்கள் பாட்டுப் புத்தகம், சுருதிப்பெட்டி, போர்வை கொண்டுவர வேண்டும். அவள் பெயருக்கு நேரே மட்டும் அரிவாள்மணை, கைப்பிடித் துணி என்று இருந்தது. இருவருக்கும் விண்ணப்பம் நிரப்பிய கணவர் ஏகாம்பரம், அவளைச் சமையல் உதவிக்குப் பதிந்திருந்தார்.

அவர் ஜிப்பாவைத் தூக்கிக்கொண்டு இஸ்திரிக் கடைக்குப் போயிருந்தார். அவள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பேனா கீறுகிற அழுத்தத்தில் எழுதினாள்.

"என்னங்க, நான் ஆட்டோவுல முன்னாடி போறேன். சாவி பக்கத்து வீட்டுல. ரசம் இருக்கு, அப்பளம் நீங்களே சுட்டுக்குங்க. பன்னெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை பாட்டு வகுப்புக்கு உங்க கூடவேதானே வந்தேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? முகாமுக்கு போன் பண்ணேன். பாடறவங்க இடம் ஃபுல்லாம். ஒருத்தர் சமையலுக்கு மாறினாத்தான் உண்டுன்னாங்க. உங்க பேரை மாத்திட்டேன். சுருதிப்பெட்டி என் பையில போவுது. உங்க பையையும் நானே கட்டி வச்சிட்டேன், எதையும் தேட வேணாம்."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"ஜிப்பா வேணாம், கறை படும். வெங்காயம் ஜாஸ்தியாம், தினம் எண்பது பேருக்கு. அரிவாள்மணையை பேப்பர்ல சுத்தி உங்க பைக்குள்ள அடியில வச்சிருக்கேன். போன வாரம்தான் சாணை பிடிச்சது. விரல் பத்திரம்."