மீந்துபோன வளையல்கள்

சிவகாசி
19.5.2025

அன்புள்ள ஸ்ரீமதிக்கு,

இங்கு நலம். நீயும் அத்தை மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அதனால் தபால். கம்பெனியில் தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது, மூச்சுவிட நேரமில்லை.

தங்கை ஆர்த்திக்கு ஜூன் 6 வெள்ளிக்கிழமை மண்டபத்தில் வளைகாப்பு. நீ வந்தே ஆக வேண்டும். புருஷனை விட்டுவிட்டு இப்படிப் பிறந்த வீட்டிலேயே இருந்தால் ஆர்த்தியின் சாத்தூர் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வளையல் போடும்போது நீ கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்கிறாள் அம்மா. "ஆஸ்பத்திரில வளையல ஒடைச்சா, அதான் பிள்ள தங்கல" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பழைய ஆள், விட்டுவிடு.

உன் அன்புள்ள,
ஹரிபிரசாத்


மல்லாங்கிணறு
23.5.2025

ஹரிபிரசாத் அவர்களுக்கு,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை.

வளையலை நான் உடைக்கவில்லை. நீங்கள் நடத்திய என் வளைகாப்பு மேடையிலேயே எனக்கு வலிப்பு வந்தது. கை வீங்கி, ஊசி போட இடமில்லாமல் நர்ஸ்கள் உடைத்தார்கள். கண் விழித்ததும் டாக்டரம்மா கேட்டார்: "பிளட் டெஸ்ட்லயே தெரிஞ்சு போச்சேம்மா. ஒடனே வந்து அட்மிட் ஆகணும்னு ஒங்க வீட்டுக்காரர்ட்ட போன்ல சொன்னமே, ஏன் வரல?" அப்போதுதான் எனக்கே தெரியும்.

நஞ்சுக்கொடி சரியில்லை, பிரஷர் ஏறப்போகிறது என்று என் ரத்தம் முன்னாலேயே சொல்லிவிட்டது. நீங்கள்தான் சொல்லவில்லை. வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்திருக்கிறார்கள், விசேஷம் நிற்கக் கூடாது என்று மறைத்துவிட்டீர்கள். தலை வலிக்கிறது என்றேன். "வெயிலு, மோர் குடி" என்றீர்கள். என் மகள் பிறந்து ஒரு தரம்கூட அழவில்லை.

வருகிறேன். ஒரே நிபந்தனை. ஆர்த்திக்கும் மதுரையில் அதே டெஸ்ட் எடுங்கள். ஆஸ்பத்திரியில் என் போன் நம்பரைக் கொடுங்கள். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் தள்ளி நிற்கிறேன்.

ஸ்ரீமதி


சிவகாசி
30.5.2025

அன்புள்ள ஸ்ரீமதிக்கு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. நீ வருகிறாயே, அது போதும். நேற்று ஆர்த்தி மதுரையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள், நீ சொன்னபடி ஆஸ்பத்திரியில் உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது. அவளுக்குக் கால் லேசாக வீங்கியிருக்கிறது. "ஆம்பளப் பிள்ளைன்னா அப்பிடித்தான்" என்று அம்மா சிரிக்கிறாள்.

நீ திரும்பி வந்துவிட்டாய் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் டிரைவர் பாண்டியைக் காரோடு அனுப்புகிறேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வா.

ஹரிபிரசாத்


மதுரை
6.6.2025, காலை

ஹரிபிரசாத் அவர்களுக்கு,

பாண்டியை நான்தான் போன் செய்து மதுரைக்கு வரச் சொன்னேன். உங்கள் காரில் இந்தக் கடிதம் மட்டும் வருகிறது.

புதன்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டார். எனக்கு வந்ததேதான் ஆர்த்திக்கும். பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது, மறைக்க மாட்டேன். மேடையில் அவள் விழட்டும், அத்தை கண்ணால் பார்க்கட்டும் என்று வயிறு எரிந்தது. ஆனால் ஆர்த்தி எனக்கு என்ன செய்தாள்? ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதவள் அவள் ஒருத்திதான்.

உடனே அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் தருண்குமாருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் மறைத்ததையும் சேர்த்துத்தான். "எங்கண்ணனா மதினி?" என்று ஒரு தரம்தான் கேட்டாள். சாத்தூரிலிருந்து நேராக இங்கே வந்து அட்மிட் ஆகிவிட்டாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றது அவள்தான். நேற்று ராத்திரி பிரஷர் ஏறியது, மருந்தில் இறங்கிவிட்டது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, நானே கேட்டேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று அத்தை தொட்டில் வாங்கி வைத்திருப்பதாக ஆர்த்தி சொன்னாள். அவிழ்த்து வைத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளை பெற்று அவள் மல்லாங்கிணற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சம்பந்தி வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள், இன்றைக்கு மண்டபத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

வியாபாரிகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெண் எங்கே என்று கேட்பார்கள். எனக்கு நீங்கள் செய்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் அழைப்பிதழ் அனுப்பிய அத்தனை பேருக்கும் நான் சொல்லுவேன். நீங்கள் ஒரு மேடையைக் காப்பாற்றத்தான் என் பிள்ளையைப் பலி கொடுத்தீர்கள். இன்றைக்கு அந்த மேடை காலியாகவே கிடக்கட்டும்.

நான் தள்ளித்தான் நிற்கிறேன், நீங்கள் கேட்டபடி. ஆர்த்தியின் கையில் டிரிப் ஊசி இருக்கிறது, வளையலுக்கு இடமில்லை. தட்டில் இருப்பதையெல்லாம் அத்தையையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்ரீமதி